ஓடும்போதே மின்னேற்றம்

மிதிவண்டிச் சக்கரம் டைனமோவைச் சுழற்றினால் விளக்கு எரிவதை நாம் அறிவோம். டைனமோவுக்கே மின்சாரம் தந்தால் அது மோட்டாராகச் சுழலும். 1873இல் வியன்னா பொருட்காட்சியில் கிராம் என்பவரின் பொறி இதை மெய்ப்பித்தது.

ஓசூரில் தயாராகும் ஏதர் 450 மின்சார ஸ்கூட்டரிலும் இத்தத்துவமே பயன்படுகிறது. வேகத்தைக் குறைக்கையில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் டைனமோவாக மாறி, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது.

அப்படியானால் வீட்டில் சார்ஜ் செய்யவே வேண்டாமா? வேண்டும். காற்றின் எதிர்ப்பாலும் உராய்வாலும் இழந்த ஆற்றல் திரும்பாது. சமவெளியான நம் மயிலாடுதுறையில், பாலத்துச் சரிவிலும் பிரேக் பிடிக்குமிடத்திலும் சிறிதளவே மீளும்.

இரவில் மீந்த சோறு காலையில் பழையதாகிறது. ஆனாலும் மதியத்துக்குப் புதிதாய் உலை வைக்கத்தானே வேண்டும், தோழியரே?