ஆவணியிலேயே விளக்கு வாங்கி வையுங்கள்

இளையரசனேந்தல் வட்டாரத்துக் கரிசல் காட்டில் புரட்டாசி விதைப்பு தொடங்கிவிட்டால் விதை, உரம், மருந்து என்று கைப்பணம் கரைந்துவிடும். இடி இடித்துக் கரண்டு போன பிறகுதான் விளக்கு நினைவுக்கு வரும். அன்றைக்குக் கடைக்காரர் சொன்னது விலை. ஆகவே ஆவணியிலேயே வாங்கி வைப்பது நல்லது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.; பக்கத்துக் கோவில்பட்டியில் 50 செ.மீ.க்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

எத்தனை மெழுகுவர்த்தி வாங்குவது? முதலில் ஒன்றே ஒன்று வாங்கிக் காற்றில்லாத இடத்தில் ஏற்றி, எவ்வளவு நேரம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். மலிவுச் சரக்கில் சில வழிந்தே பாதி வீணாகும். 2 மணி நேரம் எரிந்தால், இரவுக்கு 4 மணி வீதம் 3 இரவுக்கு 6 வேண்டும். கூட 2 வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் வெயிலில் வளைந்துவிடும். மூடி உள்ள டப்பாவில் போட்டால் எலியும் கடிக்காது. தீப்பெட்டி நம் பக்கத்துச் சரக்குதான். ஆனாலும் உரசும் பட்டையில் ஈரம் ஏறினால் குச்சி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி அதே டப்பாவில் வையுங்கள்.

ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துபோனதால் அரிக்கேன் விளக்கு பரணில் ஏறிவிட்டது. எண்ணெய் கிடைத்தால் எடுத்துத் துடைத்துத் திரி மாற்றலாம். மண்ணெண்ணெய் போதவில்லை என்று மோட்டார் சைக்கிள் பெட்ரோலைக் கலந்துவிடாதீர்கள். விளக்கு தீப்பற்றி ஆளையே எரித்துவிடும். வரப்பில் ஆமணக்கு உள்ளவர்கள் விளக்கெண்ணெயில் அகல் ஏற்றலாம். மெதுவாக எரியும். பெயரே அதற்காக வந்ததுதானே!

எந்தத் தீ விளக்கையும் மணல் நிரப்பிய தட்டில் வைக்க வேண்டும். பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டை நிறுத்தினால் வெளிச்சம் ஒரு பக்கமாகக் கூடும். மழைக்காகக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு விளக்கு எரிக்கக் கூடாது.

தொழுவத்துக்கு மட்டும் மெழுகுவர்த்தியும் அகலும் வேண்டவே வேண்டாம். சோளத்தட்டைப் படப்பும் மாடும் ஒரு பொறியில் போய்விடும். கட்டியிருக்கும் மாடு தானாக ஓட முடியாது. சினை மாடு இரவில் கன்று போடும்போதும், பாம்பு நடமாடும் ஈரத் தரையில் நடக்கும்போதும் கையில் டார்ச் இருக்க வேண்டும். செலவு பார்த்தாலும் இதுவே மேல். 1 வாட் எல்.இ.டி. டார்ச் ஒன்று பல மெழுகுவர்த்திகளின் வெளிச்சம் தரும். கட்டை போடும் டார்ச்சானால், உபயோகிக்காத மாதங்களில் கட்டையைக் கழற்றி வையுங்கள்; கசிந்தால் டார்ச் போய்விடும். சார்ஜ் செய்யும் விளக்கை வாங்கி மூலையில் போட்டுவிடாமல் மாதம் ஒரு முறையாவது சார்ஜ் ஏற்றுங்கள்.

கரண்டு போனதும் கிணற்று மோட்டாரின் மெயின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். அதற்கும் டார்ச்சோடு போக வேண்டும். ஈரக் கையால் தொடக் கூடாது.