வான் பாயும் முன்: வெள்ளத்துக்கு வீட்டைத் தயார்படுத்தல்

வரிப்பத்தான்சேனைப் பக்கம் தண்ணீர் ஏற, நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, பிறகுதான் வயலுக்கும் கடலுக்கும் இறங்குகிறது. மேலே வான் பாய்ந்தால், இங்கே வெயில் எறிக்கும்போதும் பள்ளக்காணிகளில் தண்ணீர் ஏறலாம். இறக்காமம் குளமும் அந்நேரம் நிரம்பியிருந்தால் வடிய நாளெடுக்கும். ஆகவே வானத்தை மட்டும் பார்த்திருந்தால் போதாது.

1. ஒக்டோபருக்குள் மட்டம் குறியுங்கள்
முந்திய வெள்ளம் வீட்டில் எதுவரை நின்றது என்று சுவரில் கோடு போடுங்கள். புது வீடென்றால் அயலிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். சாப்பாட்டு நெல், பெரும்போகத்து உரம், பிறிஜ் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏற இடம் பாருங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை முதலில் ஏற்றுங்கள். அவை மிதந்து கிணற்றில் விழுந்தால் தண்ணீர் நஞ்சாகும். வீட்டு முன் வடிகானையும் துப்புரவாக்குங்கள்.

2. ஒரே பையில் கட்டுங்கள்
அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றுங்கள். ஒரு கிழமைக்கான மருந்து, டோர்ச், பிஸ்கட், கைக்குழந்தையின் பால்மா, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் எல்லாம் அதே பையில் இருக்கட்டும். அதை யார் தூக்குவது, வாப்பும்மாவை யார் கூட்டிப்போவது என்று முன்பே பேசி வையுங்கள்.

3. மேலிருந்து வரும் செய்தியைக் கேளுங்கள்
வான்கதவு திறக்கும் அறிவிப்பு வானொலியிலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ வந்தால், மழை விட்டுவிட்டது என்று அசட்டையாக இருக்காதீர்கள். வட்ஸ்அப்பில் வருவதைக் கிராம உத்தியோகத்தரிடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ உறுதிப்படுத்துங்கள்.

4. முற்றத்தில் தண்ணீர் ஏறினால்
மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள். ஆடு மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். குடிதண்ணீரை மூடியுள்ள பாத்திரங்களில் நிரப்புங்கள். இருட்டுவதற்குள் வெளியேறுங்கள்.

5. ஓடும் தண்ணீரைக் கடக்காதீர்கள்
2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகள் பலர் மௌத்தானார்கள். உயரமான சக்கரம் காப்பாற்றும் என்பது பொய் நம்பிக்கை. வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீரே பெரிய ஆளைச் சாய்க்கும். இரண்டடி போதும், வாகனத்தை இழுத்துப்போக. வீதியின் ஓரம் தெரியவில்லையா, திரும்பிவிடுங்கள்.

6. வடிந்த பிறகு
மின்னிணைப்பாளர் பார்க்கும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். அலமாரி, சப்பாத்து, விறகுக் குவியலில் பாம்பு இருக்கலாம். தடியால் தட்டிவிட்டுத் தொடுங்கள். கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் குளோரின் இடுங்கள். அதுவரை வேறு நல்ல தண்ணீர் எடுத்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கொடுங்கள். வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், சேற்றில் நின்றதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.