தலைவாசல் எழுப்பப் போகும் பிள்ளைக்கு

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் உன் பின்வளவில், இரும்பு ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு கொளுவி ஒரு தலைவாசல் கட்டப் போகிறாயாம். கேட்டதும் மனம் நிறைந்தது, பிள்ளை. தச்சு வேலையில் நரைத்தவன் சொல்வதைக் கேள்.

1. யாருக்காகக் கட்டுகிறாய் என்று முதலில் யோசி. யாழ்ப்பாணத்து வீட்டுவாசலில் நிற்கும் சங்கடப்படலை வழிப்போக்கருக்காகவே எழுந்தது. மழைக்கு ஒதுங்கக் கூரை, இருக்கத் திண்ணை, பக்கத்தில் தண்ணீர்ப் பானை. அந்த நினைப்போடு தொடங்கினால் திண்ணையின் அகலமும் கூரையின் தாழ்வும் தாமாகவே சரியாக அமையும்.

2. இந்த மண்ணிடம் பணிவாயிரு. ரொறன்ரோவில் உறைபனி ஏறத்தாழ 4 அடி ஆழம் இறங்கும். அத்திவாரம் அதற்கு மேலே நின்றுவிட்டால் மண் வீங்கித் தூணையே தூக்கிவிடும். மண்வெட்டியை எடுக்குமுன் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குச் சொல். எரிவாயு, மின்கம்பி போகும் இடத்தைக் காசில்லாமல் அடையாளமிட்டுத் தருவார்கள்; தோண்டுமுன் சொல்வது சட்டமும்கூட. அனுமதி வேண்டுமா என்று நகரசபையிடமும் கேள். தூணை மட்டும் மண்ணில் புதைக்காதே. நோர்வேயில் மண்ணில் நட்ட தூண்களோடு நின்ற பழைய மரக்கோயில்கள் உக்கிப்போயின. கல்லின் மேல் எழுப்பிய போர்குண்ட் தேவாலயம் 800 வருடமாக நிற்கிறது.

3. கிடைத்த மரத்தை மதி. இங்கே பனையும் வேம்பும் இல்லையே என்று ஏங்காதே. வெள்ளைப் பைன் 1984 முதல் ஒன்டாரியோவின் மரம், உளிக்கு இணங்கும். ஈரம் படும் இடத்துக்குச் சிடார் நல்லது. பச்சை மரம் காயும்போது பருமனில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. மேலே வெடிப்பு விழும். பயப்படாதே, பசை பூசி மறைக்கவும் வேண்டாம்.

4. ஒருவரும் பார்க்காத இடத்தில்தான் உன் குணம் இருக்கிறது. எனக்கு உளி பிடிக்கக் கற்றுத் தந்த பெரியப்பா, நான் துளை பொளித்து முடித்ததும் விளக்கை உள்ளே பிடித்துப் பார்ப்பார். வெளிமுகத்தை எவ்வளவு இழைத்திருந்தாலும் அதைத் திரும்பியும் பாரார். வளையின் நாக்கு துளைக்குள் இறங்கி அதன் தோள் தூணோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பிறகு, நாக்கிலுள்ள ஆணித் துளையைத் தோள்பக்கமாக ஒரு நூலளவு தள்ளிப் போடு. காய்ந்த ஓக் மர ஆணியை அடிக்கும்போது அது மூட்டைத் தானே இழுத்து இறுக்கும். அந்த ஒரு நூலுக்குப் பொறுமை இல்லாதவன் பிறகு இரும்புத் தகட்டைத் தேடி ஓடுவான். மூலைக்கு மூலை சாய்வுக்கட்டை வை. காற்றுக்கு அதுதான் பதில்.

5. உளியைத் தீட்டாமல் வேலையைத் தொடங்காதே. மழுங்கிய உளி கோபத்தை வளர்க்கும்.

6. தனியாகத் தூக்காதே. சட்டங்களை நிலத்தில் பொருத்திப் பார்த்தபின் அயலட்டையைக் கூப்பிடு. உன் தெருவில் எத்தனையோ நாட்டவர் இருக்கிறார்கள்; எல்லாருக்கும் தோள் உண்டு. தூக்கும்போது ஒரே ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும். பாரத்துக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, சிறுவரை எட்டவே வைத்திரு. நாளைக் குறித்ததும் எனக்கும் சொல், கொட்டாப்புளியோடு வந்துவிடுகிறேன்.