வாடிக்கையாளரை விருந்துக்கு அழைத்தால்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவரையும், பின்னர் அவருக்கு இடும் உணவையும் அச்சொல் குறிக்கலாயிற்று. வள்ளுவர் தம் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை விருந்தோம்பலுக்கென்றே வகுத்தார். வழிநடந்து களைத்து வாயிலில் வந்து நிற்பவருக்கு உணவிட்ட நம் முன்னோர், அவரிடமிருந்து எதையும் பெற எண்ணியிருக்கமாட்டார்கள்.

நாளை படிப்பை முடித்து வேலையில் அமரும் நாமோ வேறொரு விருந்தையும் நடத்த வேண்டிவரும். நம் நிறுவனத்தின் பொருளை வாங்க வரும் வாடிக்கையாளருக்கு இடும் விருந்து அது. அங்கே நமக்கு ஒரு காரியம் உண்டு. அது விருந்தினருக்கும் தெரியும். காரியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உபசரிப்பது பண்பாகுமா? ஆகும். ஆனால் அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நம் விருந்தினர் தயக்கமின்றி 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா? இதுவே அவ்வளவுகோல். இலையில் இடும் பண்டத்தையும் அவர் வேண்டாம் எனலாம். நாம் நீட்டும் ஒப்பந்தத்தையும் வேண்டாம் எனலாம்.

முதலில் உணவை எடுத்துக்கொள்வோம். அதைக் கற்பதற்குப் பெங்களூரில் பிரேசர் டவுன் ஏற்ற இடம். 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் இந்நகரைத் தாக்கிய பின்னர், கண்டோன்மெண்டின் நெருக்கடியைக் குறைக்க எழுந்த குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. 1910இல் ஸ்டூவர்ட் பிரேசர் என்ற மைசூர் ரெசிடெண்டின் பெயரைப் பெற்றது. புலிகேசி நகர் என்று அரசு பெயர் மாற்றிய பின்னும் மக்கள் வாயில் பழைய பெயரே வழங்குகிறது. தமிழும் உருதுவும் கன்னடமும் ஆங்கிலமும் அங்கே ஒரே தெருவில் ஒலிக்கும். அங்குள்ள மாஸ்க் ரோடு, ரமலான் மாத மாலைகளில் கூடும் உணவுக் கடைகளால் பல்லாண்டுகளாகப் பேர்பெற்றது.

அவ்வட்டாரத்தில் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ரமலான் மாதத்தில், அதுவும் மார்ச்சில், இரு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஒருவர் நோன்பிருக்கும் முஸ்லிம். மற்றவர் நெறி வழுவாத ஜைனர். பெங்களூரில் அப்போது சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை ஆறரை மணிக்கு. முஸ்லிம் அன்பர் அதன்பின்தான் உண்பார். ஜைன அன்பரோ அதற்குமுன் உண்டு முடிப்பார். இருவரையும் ஒரே வேளையில் ஒரே மேசையில் அமர்த்தவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், யாராவது ஒருவர் தம் நெறியை விடவேண்டும். அல்லது பசியோடு எழவேண்டும்.

நல்ல விருந்தளிப்பவர் என்ன செய்வார்? அலுவல் பேச்சைக் காலையில் உணவின்றி முடிப்பார். ஜைன அன்பருக்குப் பகலில், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்கடியில் விளைபவை சேராத உணவை ஏற்பாடு செய்வார். முஸ்லிம் அன்பரை மாலையில் நோன்பு திறப்புக்கு அழைத்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் முன்வைத்து, தொழுகைக்கு நேரம் விட்டு, பிறகே உணவைப் பரிமாறச் சொல்வார். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, இரண்டு நாள் முன்னதாக, "தாங்கள் தவிர்க்கும் உணவு ஏதேனும் உண்டா? எந்த வேளை வசதி?" என்று கேட்டறிந்தால் போதும். மேசையில் அமர்ந்தபின் பலர் முன்னிலையில் இதைக் கேட்பது அவரைக் கூச்சப்படுத்தும்.

நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. 'போதும்' என்று கைமறித்த பின்னும் 'இன்னும் கொஞ்சம்' என்று இலையில் இடுவோம். உறவினரிடையே அது அன்பு. வாடிக்கையாளரிடம் அது வற்புறுத்தல். மது அருந்தாதவரை 'ஒரு வாய்' என்று தூண்டுவதும் அத்தகையதே. வாழையிலை விருந்தானால், இலையின் நுனி உண்பவரின் இடப்புறம் இருக்கவேண்டும் என்பது முதல், உண்டபின் இலையைத் தம்மை நோக்கி மடிப்பது வரை, அயலாருக்குப் பாடம் நடத்த வேண்டாம். நாம் செய்து காட்டினால் அவர் பார்த்துக் கொள்வார். அவர் கேட்குமுன் ஒரு கரண்டியும் அருகில் இருக்கட்டும்.

இனி ஒப்பந்தத்தைப் பார்ப்போம். அரசு ஆய்வகங்கள் நிறைந்த இந்நகரில் வாடிக்கையாளர் பலர் அரசு ஊழியராகவே இருப்பர். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், எப்போதாவது உண்ணும் சாதாரண உணவைப் பரிசாகக் கருதுவதில்லை. ஆனால் அலுவல் தொடர்புள்ள நிறுவனங்களின் ஆடம்பரமான உபசரிப்பையும் அடிக்கடி நிகழும் உபசரிப்பையும் ஊழியர் தவிர்க்க வேண்டும் என்கின்றன. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம், இலஞ்சம் கொடுப்பவரையும் நேரடியாகக் குற்றவாளியாக்கியது. எனவே ஓர் அதிகாரி, "நன்றி, என் பங்கை நானே கொடுக்கிறேன்" என்றால் முகம் சுளிக்காதீர். அவர் நம் அன்பை மறுக்கவில்லை. தம் கடமையைக் காக்கிறார்.

மற்றபடி, அழைத்தவரே பணம் கொடுக்கவேண்டும். விருந்தினர் வருமுன்பே ஓட்டலை அடைந்து, 'பில்லை என்னிடம் தாருங்கள்' என்று பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் கடைசியில் இழுபறி இராது. தொகையை உரக்கச் சொல்லுதல் வேண்டாம். கைத்தொலைபேசியை மேசைமேல் வைக்கவேண்டாம். உண்டு முடிக்குமுன் விலைப் பேச்சை எடுத்தால் விருந்தினர் வாயில் சோறும் மனத்தில் கணக்குமாகத் தவிப்பார்.

இன்னும் ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். விருந்தினரை அழைத்துவந்த காரோட்டி வெளியே வெயிலில் காத்திருப்பார். அவருக்கும் அதே வேளையில் நல்ல உணவு கிடைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். அவரால் நமக்கு எந்த ஒப்பந்தமும் வரப்போவதில்லை. ஆகவே, நம் உபசரிப்பு உண்மையானதா என்பதற்கு அவருக்கு இடும் சோறே சரியான சோதனை.

தோழர்களே, ஒப்பந்தம் கைகூடாமல் போகும் நாளும் வரும். அன்றும் வாயில்வரை சென்று, அதே முகமலர்ச்சியோடு வழியனுப்புவோம். ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நமக்கு, நம் சொல்லும் நடத்தையுமே பெருங்கைமுதல். 'அந்தத் தமிழர் நம்மை நெருக்கவில்லை' என்று அவர் நினைவில் நின்றால், அதுவே அவ்விருந்தின் பயனாகும்.