ஷிப்ட் மாறலாம், வயிற்றின் நேரம் மாறக் கூடாது

திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் மிஷின் ஓட்டி, ஐம்பது வயதைத் தாண்டிய இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னோடு வேலைக்கு வந்தவர்களில் சிலர் இன்றும் ஒன்றரை ஷிப்ட் சளைக்காமல் தைக்கிறார்கள். சிலர் நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சர்க்கரை என்று ஒவ்வொன்றாக வந்து சேர, நாற்பத்தைந்து வயதிலேயே வீட்டோடு இருந்துவிட்டார்கள். பரம்பரை, வறுமை, கடன் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இத்தனை வருடம் அவர்களோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறந்தவள் நான். என்ன சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள் என்பதும் அதில் பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற நமக்கு உடம்புதான் முதல். அது முதுமையிலும் நிற்க வேண்டுமானால் குடலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் அவற்றின் தீனி. அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். சுவர் பலமாக இருந்தால் உடம்புக்குள் தேவையற்ற அழற்சி குறையும். வயதாக ஆக மெல்ல ஏறும் இந்த அழற்சிக்கு சர்க்கரை, இதயநோய், தசை மெலிவு எல்லாவற்றோடும் தொடர்பு இருக்கிறது. அயர்லாந்தில் 178 முதியவர்களிடம் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பலவகை உணவு சாப்பிட்டு வீட்டில் வாழ்ந்தவர்களின் குடலில் பலவகை நுண்ணுயிர்கள் இருந்தன. நெடுங்காலமாகப் பராமரிப்பு இல்லங்களில் ஒரே மாதிரி உணவில் இருந்தவர்களுக்கு அந்த வகைகள் குறைந்திருந்தன, தளர்ச்சியும் கூடுதலாக இருந்தது.

என் அனுபவத்தில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

நைட் பார்க்கும் நாளில் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள்

ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு ஒரு மணி வரை மிஷின் ஓடும். பலர் எட்டரை மணிக்கு டீயும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டு, வேலை முடிந்ததும் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுக்கிறார்கள். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலேறும். குடலுக்கும் பகல் இரவுக் கணக்கு உண்டு; நடுராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் வேகம் குறைவு. அதனால் எட்டரை மணி இடைவேளையிலேயே முழுச் சாப்பாட்டை முடித்துவிடச் சொல்வேன். ஒரு மணிக்குப் பசித்தால் ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம் போதும்.

கம்பும் கொள்ளும் திரும்ப வரட்டும்

கம்பஞ்சோறும் ராகிக்களியும் தின்று வளர்ந்த ஊர் இது. இப்போது மூன்று வேளையும் வெள்ளை அரிசியும் மைதாவும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். அரிசியும் மைதாவும் மட்டும் அதைத் தராது. டீ நேரத்தில் போண்டாவுக்குப் பதில் பச்சைப்பயிறு அல்லது தட்டப்பயிறு சுண்டல், வாரத்தில் சில நாள் கொள்ளுப் பருப்பு, தினமும் ஒரு கீரை அல்லது அவரை, கொத்தவரை. உழவர் சந்தையில் காலையில் வாங்கினால் செலவும் கையைக் கடிக்காது. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், மெல்லக் கூட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கம்பைக் கூழாகக் குடிப்பதைவிடச் சோறாகச் சாப்பிடுவது நல்லது.

பழைய சோறு கேவலமல்ல

இட்லி மாவு புளித்தாலும் வேகும்போது நுண்ணுயிர்கள் இறந்துவிடும். தயிர், மோர், பழைய சோற்றில்தான் அவை உயிரோடு உள்ளே போகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்களே பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளைக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சி குறைந்தது. எங்கள் லைனில் ஒடிசாப் பெண்கள் பகாளா என்று கொண்டுவருவதும் தண்ணீர் ஊற்றிய சோறுதான். சுத்தமான பாத்திரம், கொதித்து ஆறிய நீர், ஓர் இரவு. வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

தண்ணீரையும் கழிப்பறையையும் தள்ளிப் போடாதீர்கள்

கழிப்பறைக்கு எழுந்தால் டார்கெட் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமலேயே இருக்கும் பெண்கள் நிறைய. மலத்தை அடக்க அடக்க உந்துதலே மங்கிப் போகும். ஐம்பதுக்கு மேல் அது தீராத மலச்சிக்கலாக நிற்கும். குடிநீரும் கழிப்பறையும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை தொடராமல் அரை மணி ஓய்வும் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த உரிமைகள். காலையில் வெந்நீர் குடித்துப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சாப்பிட்டதும் மிஷினில் உட்காராமல் கொஞ்சம் நடங்கள்.

வலி மாத்திரையில் கவனம்

இடுப்பு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி வெறும் வயிற்றில் போடுவது இங்கே சகஜம். அது இரைப்பையையும் சிறுகுடலையும் புண்ணாக்கும். சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால் நல்ல கிருமிகளும் சேர்ந்து அழியும். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்கச் சிரமம், வாரக்கணக்கில் மாறிய மலப் பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.

என்னைப் போல லைன் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுந்து போகும் பெண்ணைக் கடிகாரத்தைப் பார்த்து முறைக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குக் கழிப்பறை போய் வருகிற கை, மாலையிலும் நேராகத் தைக்கிறது. அறுபதிலும் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.