சானடோரியம் தாண்டி ஒரு கச்சேரி

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. ஊரில் பஸ் ஓடவில்லை. போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 4ஆம் தேதி சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. பழைய சம்பளத்தைப் பெருக்கும் காரணி 2.57 வேண்டும் என்று சங்கங்கள் கேட்க, 2.44-க்கு மேல் கிடையாது என்று அரசு நின்றது. தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குள் பன்னிரண்டு பேர், வெளியே தொங்கிக்கொண்டு இன்னும் இரண்டு பேர். கச்சேரியை விட்டுவிடலாம் என்று மத்தியானம் தோழிக்கு போன் போட்டேன். அவள் குரோம்பேட்டையில் இருக்கிறாள்.

“பஸ்சு இல்லன்னா என்னடி, எலெக்ட்ரிக் ட்ரெயின் இருக்குல்ல? கெளம்பு.”

கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் அன்று ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல்முறையாக மேடை ஏறுகிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, எங்களுக்குப் பிடித்த குழு. முதல் கச்சேரியே நடக்காத குழு எப்படிப் பிடித்த குழு ஆனது என்று கேட்கலாம். அவளுக்குக் கானா உயிர், எனக்குக் கிடார். இரண்டும் ஒரே மேடையில் என்று கேள்விப்பட்டதுமே எங்களுக்குப் பிடித்துவிட்டது.

கச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் போகிற வழியைப் பார்ப்பார்கள். தாம்பரத்துக்காரி நான் திரும்பி வருகிற வழியைத்தான் முதலில் பார்ப்பேன். கடற்கரையிலிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய வண்டி எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷனிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வேன். கடைசி வண்டியை நம்பக் கூடாது, அதற்கு முந்தையதுதான் நம் வண்டி. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி என்றால் இன்னும் உஷார் வேண்டும். பராமரிப்பு வேலை என்று எங்கள் தடத்தில் வண்டிகளை ரத்து செய்வது பெரும்பாலும் ஞாயிறன்றுதான். போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். ராத்திரி கவுண்ட்டரில் நமக்கு முன்னால் நிற்கும் நாலு பேரும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள்.

பிறகு ஒரு வருஷம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பெரிய கச்சேரிக்கு அவளுடைய ஸ்கூட்டியில் போனோம். எது என்று சொல்ல மாட்டேன். வண்டி நிறுத்திய இடத்தைவிட்டு வெளியே வரவே ஒன்றரை மணி நேரம் ஆனது. சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று சுற்றித் தாம்பரம் வந்து சேர்ந்தபோது பால் பாக்கெட் போட ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து ரயிலோ மெட்ரோவோ பக்கத்தில் இல்லாத இடத்தில் யார் பாடினாலும் எங்களுக்கு வேண்டாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்றால் பரவாயில்லை. கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறினால் நந்தனம்.

அன்றைக்கு வருவோம். எங்கள் வீட்டில் அம்மா இட்லிக்குப் பொடி தடவி டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். பாதியைத் தாம்பரத்திலேயே சாப்பிட்டுவிட்டேன். கச்சேரி முடியும் நேரத்தில் கடை திறந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பெண்கள் இன்னொன்றையும் வெட்கப்படாமல் யோசிக்க வேண்டும், கழிப்பறை. மைதானத்தில் இருக்கும் என்பார்கள். இருக்கும்தான், வரிசையும் இருக்கும். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டை நனையும் அளவுக்கு மட்டும் குடிப்பது எங்கள் வழக்கம். டாக்டர்கள் திட்டுவார்கள்.

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். அங்கே இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அம்மாவின் மூட்டு வலிக்கு மாதம் ஒரு தடவை அங்கே போய்க்கொண்டிருந்தோம். அந்த மருத்துவமனையின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. எத்தனை தடவை அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றியிருப்பேன்! யாரோ பழைய சித்த வைத்தியர் என்ற அளவில்தான் மனசில் இருந்தது. வைத்தியர்தான். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. ‘சாதியற்ற தமிழர்’ என்று அவர் சொன்னதிலிருந்துதான் இந்தக் குழு தன் பெயரை எடுத்தது. அதைப் பேப்பரில் படித்த பிறகு, வண்டி சானடோரியத்தில் நின்ற அந்த அரை நிமிஷமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குரோம்பேட்டையில் அவள் லேடீஸில் ஏறினாள். இருவரும் வேறு வேறு ஸ்டேஷனில் ஏறுவதானால் எந்தப் பெட்டி என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. சேத்துப்பட்டில் இறங்கினோம். வேலைநிறுத்தம் என்பதால் ஆட்டோக்காரர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டார். நடந்தே போனோம். அதனால்தான் சொல்கிறேன், கச்சேரிக்கு ஷூ போடுங்கள். நான் புதுச் செருப்பு போட்டிருந்தேன், மைதானத்து மண்ணில் அது புதுசாக இருந்தது பத்து நிமிஷம்.

கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடம் ‘மேடைக்கு வலது பக்கம்’ என்று முடிவு செய்தோம். நான் தண்ணீர் வாங்கப் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். போன் போகவில்லை, அத்தனை பேர் கூடிய இடத்தில் போகாது. அவள் சொன்ன வலது, மேடையில் நிற்பவருடைய வலது. நான் நினைத்தது என் வலது. இருபது நிமிஷம் ஆளுக்கொரு வலது பக்கத்தில் நின்றோம். இப்போதெல்லாம் ஒரு மரம், ஒரு கம்பம், ஒரு டீக்கடை என்று நகராத பொருளாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

எங்கே நிற்பது என்பதில் எனக்கும் அவளுக்கும் இன்னும் சண்டைதான். அவளுக்கு முதல் வரிசை வேண்டும். நான் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் ஒலியைக் கலக்குகிறார். அவர் கேட்பதைப் பக்கத்தில் நிற்கும் நாமும் கேட்கலாம். ஸ்பீக்கருக்கு நேரே நின்றால் மேளம் மட்டும் நெஞ்சில் இடிக்கும், பாட்டு வரி காதில் விழாது. அன்று அவள் ஜெயித்தாள். மறுநாள் முழுக்க என் காதில் ரீங்காரம். அதற்கப்புறம் பையில் காதடைப்பான் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

பத்தொன்பது பேர் மேடையில், கோட்டு சூட்டில். கிடாரும் டிரம்ஸும் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவள்தான் காதுக்குள் கத்திக் கத்திச் சொன்னாள். “அது சட்டி. அது கட்ட மோளம். பக்கத்துல பறை, பாரு.” அவள் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடும்போது, பாட்டி மடியில் படுத்துக் கேட்டுக்கொண்டே தூங்கினவள். எங்கள் தெருவில் சாவு மேளச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள், நடை முழுக்கத் தண்ணீர் தெளிப்பாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்ட அதே தாளம்தான் அன்று எதிரே, கிடாரோடு. நான் எப்போது கைதட்ட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இசைவாணி பாட வந்தபோது தோழி அழுதாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அன்று குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, தன் சொந்தத் தங்கைக்குக் கிடைத்ததுபோலத் தோழி எனக்கு போன் பண்ணினாள்.

என் அனுபவத்தில், நம் ரசனையும் கூட வருபவர் ரசனையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நமக்குத் தெரியாத பாதி அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். நடை வேகம் மட்டும் ஒத்துப்போக வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

வீடியோ விஷயத்தில் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு, அதற்கு மேல் போன் பைக்குள். அன்று நான் எடுத்ததில் முன்னால் நின்றவருடைய பின்னந்தலைதான் தெளிவாக இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.

திரும்பும்போது கடைசிக்கு முந்தைய வண்டியைப் பிடித்துவிட்டோம். செலவெல்லாம் ஒருவரே செய்வது, கணக்கை வண்டியிலேயே முடிப்பது என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்குப் போனால் மறந்துவிடும், நினைவு வரும்போது கேட்கக் கூச்சமாக இருக்கும். குரோம்பேட்டையில் இறங்கும்போது, “எட்டு ரூபா நீ தரணும்,” என்று கத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விழித்திருந்தாள்.

“யாருடி பாடினா?”

“கானா பாடுறவங்கம்மா. மேளம், கிடாரு எல்லாம் இருந்துது.”

“சாவு வீட்டுல பாடுவாங்களே, அதுவா?”

“அதுதான். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டுப் பாடினாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காலி டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“எண்ணெய் தீந்துபோச்சு. திங்கக்கெழம சானடோரியம் போகணும், ஞாபகம் வெச்சுக்கோ.”