மல்லாட்டை உரிக்கும்போது உ.வே.சா.

நாவலை ஒலிப்புத்தகமாகக் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டாம். கதையே இழுத்துக்கொண்டு போய்விடும். மனிதர்களையும் அவர்கள் எண்ணங்களையும் பற்றிய கட்டுரைகள் அப்படியல்ல. ஸ்ரீமுஷ்ணத்துக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் போய்வந்தே நான் இதற்குப் பழகினேன்.

முதலில் புத்தகம். உ.வே.சாமிநாதையரின் ‘நான் கண்டதும் கேட்டதும்’, ‘நினைவு மஞ்சரி’ இரண்டில் ஒன்றை எடுங்கள். எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதியவர்; அவர் எழுத்து காதுக்கு ஒத்துவரும். வாசிப்பவர் குரலை இரண்டு நிமிடம் சோதியுங்கள். ழகரம் வழுக்கினால் வேறு பதிவு தேடலாம். அகப்படவில்லையா? மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் அவர் நூல்கள் பல உள்ளன. நன்றாகப் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லி போனில் பதிந்துகொள்ளுங்கள். உ.வே.சா. மறைந்தது 1942இல்; காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது.

கிளம்புமுன் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். பஸ்ஸில் ஒரு காதுக்கு மட்டும் இயர்போன். கண்டக்டர் கூப்பிடுவது கேட்க வேண்டுமே. வீட்டிலென்றால் மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கும் நேரம்போல வராது: கைக்கு வேலை, மனசுக்கு ஓய்வு. படுத்துக்கொண்டு மட்டும் வேண்டாம். ஒருநாள் அப்படிக் கேட்டு, விடிந்து பார்த்தால் பதினோரு கட்டுரை ஓடி முடிந்திருந்தது.

ஒரு தடவைக்கு ஒன்றுதான். முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அடுத்தது தானாக ஓடாதபடி அமைத்துவிடுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டும் முன்னுரைப் பாட்டு) கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் திரும்பத் திரும்பப் போனதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகளை நினைத்துப் பிள்ளை தட்டிக்கழிக்கிறார். பிறகு பாரதியார் பாடக் கேட்டு, மனம் கரைந்து எழுதிக்கொடுக்கிறார். இதைக் கேட்டு முடித்தபோது பஸ் காட்டுமன்னார்கோயிலில் நின்றிருந்தது. நந்தனாரின் ஊரான ஆதனூர் பக்கத்தில்தான். உடனே அடுத்ததைப் போட்டிருந்தால் எனக்கு அந்த ஊர் நினைவே வந்திருக்காது.

காதில் விழும் பெயர் நிற்காது. டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு கேள்வியோடு. நான் எழுதியது: “பிழை திருந்தாமலே பாயிரம் தரலாமா?”

திரும்பும்போது புதிதாக எதுவும் வேண்டாம். அதே கட்டுரையை மறுபடி கேளுங்கள். போகும்போது பிள்ளை மேல் எனக்குக் கோபம்: பாடுகிறவரை இப்படியா அலையவைப்பது? வரும்போது, தாம் சரியென்று நினைத்ததை அவர் விட்டுக்கொடுத்த இடம்தான் பெரிதாகக் கேட்டது. லால்பேட்டை வருவதற்குள் கோபம் பாதியாகிவிட்டது.